கவிழ்ந்து படுத்தபடி ஒரு தரவரிசை

நோயின் முதல் அறிகுறியை நான் ஓர் இயக்குநரின் தவறு என்று நினைத்தேன்.

‘வான்தாங்கி’ படவரிசையின் நான்காவது படத்தை வீட்டில் மறுபடி பார்த்துக்கொண்டிருந்தேன். அது முழுக்க இருட்டில் எடுக்கப்பட்ட படம். யார் அடிக்கிறார்கள் என்பது அடி வாங்குபவனுக்கே தெரியாது. திரையின் இடது கீழ் மூலையில் ஒரு கறுப்பு வந்து உட்கார்ந்தபோது, விளக்குச் செலவில் இன்னும் கொஞ்சம் மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று திட்டினேன். மறுநாள் ஐந்தாவது படம். அது பாலைவனத்தில், பட்டப்பகலில் நடப்பது. அதிலும் அதே மூலையில் அதே கறுப்பு, கொஞ்சம் வளர்ந்திருந்தது. தொலைக்காட்சியை அணைத்தேன். கறுப்பு அணையவில்லை.

இதை விழித்திரை விலகல் என்கிறார்கள். யாருக்காவது இது வந்தால் பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன். கண்ணில் மின்னல் வெட்டினாலோ, பூச்சி பறந்தாலோ, ஓரத்தில் திரை விழுந்தாலோ என்னைப்போல அடுத்த படத்தைப் போட்டுச் சோதிக்காதீர்கள். அன்றே போய்விடுங்கள்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுத் துறையின் தலைவனாக இருந்து ஓய்வு பெற்றவன். கடைசி மேஜை என்னுடையது. அதைத் தாண்டித்தான் எந்த ஜோடியும் பெட்டிக்குள் போகும். தொழிற்சாலையின் செயல்முறைக் கையேட்டை எழுதியதும் நான்தான். ஊசி உடைந்தால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் அதில் இரண்டு பக்கம் இருக்கும். இவ்வளவையும் ஒரே கண்ணை வைத்துக்கொண்டு செய்தேன். என் இடது கண், சிறு வயதிலிருந்தே, மருத்துவர்கள் ‘சோம்பேறிக் கண்’ என்று அழைக்கும் வகை. வாசலில் ஆள் நிற்கிறது என்று சொல்லும், யார் என்று சொல்லாது. தையல் விட்ட இடத்தைக் கண்டுபிடித்தது, மகனின் முகத்தைப் பார்த்தது, மனைவியின் கடைசி ஸ்கேன் முடிவைப் படித்தது எல்லாம் வலது கண்தான். திரை விழுந்ததும் அதில்தான்.

வேலூரில் ஒரு கண் மருத்துவமனைக்குப் போனேன். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தை ஊற்றி வரிசையாக உட்கார வைத்தார்கள். எல்லோரும் கண்ணை மூடி முகத்தை மேலே தூக்கி உட்கார்ந்திருந்த அந்தக் கூடம், சாமியே வராத ஒரு பிரார்த்தனைக் கூட்டம்போல இருந்தது. ஒவ்வொருவரின் பக்கத்திலும் ஒருவர் கைப்பையோடு உட்கார்ந்திருந்தார். என் பக்கத்து நாற்காலியில் என் கைப்பை உட்கார்ந்திருந்தது.

மருத்துவர் ஓர் இளம்பெண். விளக்கு கட்டிய கருவியைத் தலையில் மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“மையப்புள்ளியும் விலகிடுச்சா டாக்டர்? அது விலகறதுக்கு முன்னாடி பண்ணாத்தான் ரிசல்ட் நல்லா இருக்கும்னு...” என்றேன்.

“சார் டாக்டரா?”

“இல்ல. நேத்து படிச்சேன்.”

“இன்னிக்குப் படிக்காதீங்க. விலகிடுச்சு.”

மையப்புள்ளி என்பது விழித்திரையின் நடுவில் உள்ள சிறு இடம். எழுத்தைப் படிப்பதும் முகத்தை அடையாளம் காண்பதும் அதன் வேலை. அதுவும் பெயர்ந்துவிட்டால், ஒட்டவைத்த பிறகும் பழைய கூர்மை வருமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. நேர்கோடு வளைந்து தெரியலாம். ஒன்றுமே தெரியாமலும் போகலாம். இதை அவர் மென்மையாகச் சொன்னார். நான் அதை ஷூ மொழிக்கு மாற்றிக்கொண்டேன். உள் லைனிங் மேல்தோலை விட்டுக் கழன்றுவிட்டது. ஓர் ஓட்டை வழியாக நீர் புகுந்து கழற்றியிருக்கிறது. கண்ணுக்குள் இருக்கும் கூழை எடுத்துவிட்டு, ஓட்டையைச் சுற்றி லேசரால் தைத்து, உள்ளே ஒரு வாயுக் குமிழை அடைப்பார்கள். எங்கள் ஊரில் சோல் ஒட்டும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், பசை தடவினால் போதாது, அழுத்த வேண்டும். அந்த அழுத்தும் வேலை குமிழுடையது. குமிழ் எப்போதும் மேலேதான் போகும். கண்ணின் பின்சுவரை அது அழுத்த வேண்டுமென்றால் பின்சுவர் மேலே இருக்க வேண்டும். அதாவது முகம் தரையைப் பார்க்க வேண்டும், சாப்பிடும்போதும் தூங்கும்போதும்.

வீட்டில் கவனித்துக்கொள்ள ஆள் இருந்தால் அறுவைக்கு மறுநாளே அனுப்பிவிடுவார்கள். என்னைப் போன்றவர்களுக்கு மாடியில் இரண்டு கட்டில் போட்ட அறைகள் வைத்திருந்தார்கள். சேர்க்கைப் படிவத்தில் ‘உடனிருப்பவர் பெயர்’ என்ற இடத்தில் என் பெயரையே எழுதிக் கொடுத்தேன்.

“சார், இது பேஷண்ட் பேரு. கூட இருக்கறவங்க பேரு எழுதுங்க” என்றார் கவுண்டரில் இருந்த பெண்.

“ரெண்டும் நான்தாம்மா.”

“அப்படிலாம் முடியாது சார்.”

முடியாதுதான். இந்த மாதிரி விதியை எழுதியே சம்பளம் வாங்கியவன் நான். குடியாத்தத்தில் இருக்கும் தங்கை சுமதிக்குப் போன் செய்தேன். அவள் வீட்டுக்காரர் லுங்கி நெய்யும் விசைத்தறி வைத்திருக்கிறார். சுமதி கட்டைப்பையோடு வந்து கையெழுத்துப் போட்டாள்.

“அருணுக்குச் சொல்லிட்டியா அண்ணா?”

“சொல்லக்கூடாது.”

“இன்னா பேசற நீ? பெத்த புள்ளைக்கு...”

“சொன்னா நீ இந்தப் பக்கம் வராத” என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் பாட்டிலை வேகமாக மூடினாள்.

அருண் என் ஒரே மகன், அயர்லாந்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசுவான். சாப்பாடு, வானிலை, தண்ணீர் வரி மூன்றும் சீக்கிரம் தீர்ந்துவிடும். அவன் அம்மா இருந்தவரை மிச்சத்தை அவள் பேசினாள். அவள் போனபிறகு எங்களுக்கு மிஞ்சியது ‘வான்தாங்கி’ மட்டும்தான். அவன் பள்ளிக்கூடம் படிக்கும்போது முதல் படத்துக்குக் கூட்டிப்போனேன். வெளியே வந்து சைக்கிள் ஸ்டாண்டில் ஆரம்பித்த சண்டை இன்றுவரை முடியவில்லை. எந்தப் படம் முதல், எந்தப் படம் கடைசி என்ற சண்டை. ஒவ்வொரு புதுப் படத்துக்கும் வரிசை மறுபடி திறக்கப்படும். பத்தாவது, கடைசிப் படம் வெளியாக இருந்தது. அதற்காக அவன் விடுப்பைச் சேர்த்து வைத்திருந்தான். கண்ணைப் பற்றிச் சொன்னால் உடனே புறப்பட்டு வருவான் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் வேறு. சொன்ன நாளிலிருந்து அவன் கண்ணைப் பற்றி மட்டுமே பேசுவான். எனக்கு இருந்த ஒரே பேச்சும் போய்விடும்.

படம் பார்க்காதவர்களுக்காக: துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஒருவனுக்கு, விழும் எதையும் கையை நீட்டி அந்தரத்தில் நிறுத்தும் சக்தி வந்துவிடுகிறது. பாலம், விமானம், ஒருமுறை நிலாவில் ஒரு துண்டு. ஒவ்வொரு தடவை தாங்கும்போதும் அவன் காது கொஞ்சம் செவிடாகும். அவ்வளவுதான் கதை. இதற்கு ஒன்பது படம்.

கண்ணைச் சுற்றி மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு அறுவை செய்தார்கள். பேசுவது எல்லாம் கேட்கும். உள்ளே நீலமும் மஞ்சளுமாக ஏதோ நீந்தியது. நிலா உடையும் ஆறாவது படத்தைவிட நல்ல ஒளியமைப்பு என்றே சொல்வேன். பயமாக இருந்ததா என்று சுமதி பிறகு கேட்டாள். இருந்தது. யாராவது கையைப் பிடித்தால் தேவலை என்று தோன்றியது. ஒரு செவிலியர் பிடித்தார், ரத்த அழுத்தம் பார்ப்பதற்காக.

பிறகு தரை. நடுவில் ஓட்டை வைத்த தலையணையில் முகத்தைப் பதித்துப் படுத்துக்கொண்டேன். கழுத்து முதல் நாளே புகார் கொடுத்தது. முழங்கைகள் பிறகு சேர்ந்துகொண்டன. வலது கண்ணில் கட்டு. சோம்பேறிக் கண்ணுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகப் பொறுப்பு வந்தது. அது பார்க்கக் கிடைத்ததோ மொசைக் தரையும், வந்துபோகிறவர்களின் கால்களும்தான். மனிதர்களைச் செருப்பால் அறிந்துகொண்டேன். வெள்ளை ரப்பர் செருப்பு வந்தால் சொட்டு மருந்து. தட்டையான பழுப்பு ஷூ வந்தால் மருத்துவர். சுமதியின் நீலச் செருப்பு காலையில் வந்து, கடைசி நல்ல பஸ்ஸைப் பிடிக்க வெளிச்சம் இருக்கும்போதே போய்விடும். அவள் இட்லியைத் துண்டு துண்டாக்கி, கட்டிலுக்குக் கீழே ஸ்டூலில் தட்டை வைத்து, குனிந்தபடி நான் எடுத்துச் சாப்பிட வசதி செய்தாள். சாம்பார் வழியாமல் கெட்டியாக வைத்துக்கொண்டு வந்தாள். அதற்காகத் தனியாகப் பருப்பு வேகவைத்திருக்கிறாள் என்று வெகு நாள் கழித்துத்தான் உறைத்தது.

பக்கத்துக் கட்டிலில் இன்னொருவர் கவிழ்ந்து கிடந்தார். பேரணாம்பட்டில் தோல் பதனிடும் யூனிட் வைத்திருக்கும் அன்வர் பாய். தோல் தொழில்நுட்பம் படித்தவர். அவருக்கும் இதே நோய், இதே தண்டனை. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வழியில்லை. அவரைப் பார்க்க வருகிறவர்களின் கால்களை மட்டும் பார்த்தேன். ஒரு வேளைக்கு ஒரு கூட்டம். மகன்கள், மருமகன்கள், யூனிட் ஆட்கள்.

“வீடு நிறைய ஆள் வெச்சிக்கிட்டு இங்க ஏன் பாய் கெடக்கறீங்க?” என்று கேட்டேன்.

“ஆள் ஜாஸ்தி, அதான் பேஜார். வீட்ல இருந்தா வர்றவன் எல்லாம் ‘கொஞ்சம் நிமிந்து மூஞ்சியக் காட்டு மாமு’ன்னுவான். நிமிந்தா டாக்டரம்மா சண்டைக்கு வருது. உங்களுக்குப் பரவால்ல மேனேஜரே, நிம்மதி.”

நிம்மதிதான் என்றேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அருண் அழைத்தான். போனை ஸ்டூலில் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன். வீட்டில்தான் இருப்பதாகவும், பத்தாவது படத்துக்குத் தயாராக எல்லாவற்றையும் மறுபடி பார்த்துவருவதாகவும் சொன்னேன். என் வரிசை வழக்கமானதுதான். முதலிடம் இரண்டாவது படத்துக்கு. அணை உடையும் படம், ஒரு தையல்கூட விடாத வேலை. அடுத்தது முதல் படம். மூன்றாமிடம் பாலைவனம். அருண் ஒன்பதாவது படத்தை மேலே தூக்கப் பார்த்தான். இரண்டு நாயகர்களைப் போட்டு ஒரு கதையை இழுத்த படத்துக்கு ஐந்தாம் இடத்துக்குமேல் தர முடியாது என்று மறுத்தேன். கடைசி இடத்தில் மட்டும் எங்களுக்குள் எப்போதும் ஒற்றுமை. ஏழாவது படம். நாயகனுக்குச் சக்தியும் இல்லை, காதும் இல்லை, சலவைக் கடையில் துணி மடித்துக்கொண்டே முக்கால் படத்தை ஓட்டுவான். அதோடு அவன் கன்னத்துத் தழும்பு பாதிப் படத்தில் இடது பக்கம், மீதியில் வலது பக்கம்.

போனை வைத்ததும் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“ஏழாவது படத்தைத் திட்டனது யாரு, நீங்களா, உங்க பையனா?”

“ரெண்டு பேரும்.”

“குடும்பமே சரியில்ல.”

அன்வர் பாய் எல்லாப் படத்தையும் பார்த்திருந்தார். அவர் வரிசையில் ஏழாவதுதான் முதல். அன்றிலிருந்து எங்களுக்கு வேறு வேலை இல்லை.

“சக்தி போன ஆளு, இடியற கட்டடத்துல ஒரு கிழவிகூட நிக்கறான். அவனால தாங்க முடியாது. காதும் கேக்காது. சுவத்துல கைய வெச்சு, அதிர்வ வெச்சே ‘இப்ப குதி’ன்னு சொல்றான் பாருங்க. அந்த இருவது நிமிஷம் மறு இல்லாத தோலு மேனேஜரே. உங்க அணை, பாலம் எல்லாம் இதுக்குக் கால்தூசி.”

“தழும்பு இடம் மாறுதே பாய்?”

“மாறட்டுமே. நம்மகிட்ட ஒரு தோலு வந்தா இன்னா பண்றோம்? மேஜை மேல விரிச்சிப் போட்டு எவ்ளோ வெட்டலாம்னு பாக்கறோம். முள்ளு கீறி இருக்கும், உண்ணி கடிச்சிருக்கும். உயிரோட இருந்த மாடு அது. ஓரத்துல ஓட்டைன்னு தூக்கிப் போட்டா நான் யூனிட்ட மூடிட்டுப் போக வேண்டிதுதான்.”

“நீங்க வெட்றதுக்கு முன்னாடி பாக்கறவரு. நான் தைச்சு முடிச்சப்புறம் பாக்கறவன். ஷூவுல ஓட்டையத் தள்ளி வெச்சு வெட்ட முடியாது. போட்றவன் ஓட்டையையும் சேத்துத்தான் போடணும்.”

“அப்ப படம் இன்னா, தோலா ஷூவா?”

“காசு குடுத்துட்டு முழுசா உக்காந்து பாக்கணும் இல்ல? ஷூதான்.”

“நான் வீட்ல போட்டு, புடிச்ச எடத்தை மட்டும் ஓட்டி ஓட்டிப் பாக்கறேன். தோலுதான்.”

இதற்கான பதிலை ஒரு மதியம் முழுவதும் தேடினேன். சுமதி வந்து, இரண்டு பெரிய மனிதர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு கத்துவதைக் கேட்டுவிட்டு, “உங்க ரெண்டு பேருக்கும் கண்ணு மட்டும்தானா கழண்டிருக்கு?” என்றாள். அன்வர் பாய் கட்டில் அதிரச் சிரித்தார். செவிலியர் ஓடிவந்து, தலை ஆடக்கூடாது என்று இருவரையும் அதட்டிவிட்டுப் போனார்.

அவருடைய கூட்டம் போனபிறகும், சுமதியின் நீலச் செருப்பு போனபிறகும் அந்த அறை நீளமாகிவிடும். அப்போது பாய் பேசமாட்டார். நானும் பேசமாட்டேன். வலது கண்ணுக்குள் ஏதாவது நடக்கிறதா என்று கவனித்தபடி கிடப்பேன். கட்டுக்குள் வெளிச்சம் தெரிகிறதா, நான் கற்பனை செய்கிறேனா என்று தெரியாது. நாற்பது வருடம் பிறர் வேலையைச் சோதித்தவனுக்கு, தன் கண் ஒட்டியிருக்கிறதா என்று சோதிக்க ஒரு வழியும் கிடையாது.

இரண்டாவது ஞாயிறு காலை பழுப்பு ஷூ அன்வர் பாயின் கட்டிலருகே வந்து நின்றது. வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றது. விழித்திரை மறுபடி விலகியிருக்கிறது என்றார் மருத்துவர். கீழே புதிதாக ஓர் ஓட்டை. இந்தத் தடவை வாயுவுக்குப் பதில் சிலிக்கான் எண்ணெய் வைத்து, மறுநாளே செய்ய வேண்டும். பாய், “சரிம்மா” என்று மட்டும் சொன்னார். அப்புறம் மகன்கள் வந்தார்கள். அவர்களிடமும் “சரி” என்றார். காலைச் சாப்பாடு ஸ்டூலிலேயே இருந்தது.

நான் எதைச் சொல்வது? தைரியமாக இருங்கள் என்று சொல்லலாம். அதை அன்று காலையிலேயே அந்த அறையில் பல ஜோடிக் கால்கள் சொல்லிவிட்டன.

மதியம் அருண் அழைத்தான். சுமதி தட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. வழக்கம்போல வரிசைக்கு வந்தோம். பக்கத்துக் கட்டிலுக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினேன்.

“அருணு, இந்த ஏழாவது படத்தை நாம தப்பா எடை போட்டுட்டோம்னு நினைக்கறேன். அந்தக் கட்டடம் இடியற இடம் ஒண்ணே போதும். மூணாவது இடம் குடுக்கலாம்.”

அவன் சண்டைக்கு வரவில்லை.

“அப்பா, எங்க இருக்கீங்க?”

“வீட்லதான்.”

“இல்ல. என்னமோ நடந்திருக்கு. நீங்க ஒரு ஜோடிய ரிஜெக்ட்னு தள்ளினா திரும்ப எடுத்து உள்ள வெக்க மாட்டீங்க. எம்.டி. வந்து கெஞ்சினப்பவே வெக்கல. அம்மாவுக்கு ஏழாவது படம் புடிக்கும்னு சொன்னாங்க, அவங்களுக்காகக்கூட மாத்தல. இன்னிக்கு சும்மா மூணாவதா? உடம்பு இன்னாப்பா?”

நான் வாயைத் திறக்குமுன் சுமதி குனிந்து ஸ்டூலிலிருந்து போனை எடுத்துவிட்டாள். “அருணு, அத்தை பேசறேன்டா” என்றபடி நீலச் செருப்பு வாசலைத் தாண்டிப் போனது. வராந்தாவில் அவள் அழுவது கேட்டது. எல்லாவற்றையும் சொல்லி முடிக்க வெகு நேரமாயிற்று.

பக்கத்திலிருந்து மெல்லக் குரல் வந்தது. காலையிலிருந்து அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

“இன்னா மேனேஜரே, எனக்குப் பிச்சை போடறீங்களா?”

“போடலாம்னு பாத்தேன். பையன் புடிச்சிட்டான்.”

அவர் சிரித்தார், தலை ஆடாமல். பிறகு ஸ்டூலில் ஆறிப்போயிருந்ததை எடுத்துச் சாப்பிடத் தொடங்கினார்.

மறுநாள் அவரை அழைத்துப்போனார்கள். அறுவை முடிந்து அவர் அந்த அறைக்குத் திரும்பவில்லை. வேறு விதமாகப் படுக்க வேண்டியிருந்ததால் கீழ்த்தளத்தில் வைத்து, அப்படியே வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தக் கட்டிலுக்கு அப்புறம் யாரும் வரவில்லை. தரை முழுவதும் எனக்கே.

நான் பயந்தது அப்படியே நடந்தது. அருண் உடனே வருகிறேன் என்றான். வந்தால் உன் செருப்பைத்தான் பார்ப்பேன், பத்தாவது படத்துக்கு வா என்று தடுத்துவிட்டேன். ஆனால் காலையும் மாலையும் அழைத்தான். சொட்டு போட்டார்களா, கவிழ்ந்துதானே படுத்திருக்கிறீர்கள், வலி இருக்கிறதா. நல்ல பிள்ளை. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். ஒருமுறை நானாகவே எட்டாவது படத்தைப் பற்றி ஆரம்பித்தேன். “அதெல்லாம் அப்புறம் பேசலாம்பா, நீங்க ரெஸ்ட் எடுங்க” என்றான். வெள்ளை ரப்பர் செருப்பு பேசுவதுபோல இருந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது கையில் ஓர் எச்சரிக்கைப் பட்டை கட்டினார்கள். குமிழ் கரையும்வரை விமானம் ஏறக்கூடாது, ஏலகிரி மலைகூட ஏறக்கூடாது. உயரம் போனால் வாயு விரிந்து கண்ணை உள்ளிருந்தே நெரித்துவிடும். மல்லாந்து படுக்கவும் கூடாது. காப்பீட்டுக் காகிதங்களை நான் முன்பே அடுக்கி வைத்திருந்ததால், கவுண்டர் பெண் நாற்காலி போட்டு மரியாதை செய்தார். குமிழ் கரையும்போது என்ன தெரியும் என்று யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். கண்ணுக்குள் பிம்பம் தலைகீழாக விழுவதால் மேலே போகும் குமிழ் அடியில்தான் தெரியும்: மேலே வெளிச்சம், கீழே கலங்கல் நீர்போல, நடுவில் ஆடும் ஒரு கோடு. தலையை அசைத்தால் கோடும் அசையும். நாளுக்கு நாள் நீர்மட்டம் இறங்கும். கடைசியில் பட்டாணி அளவுக்கு ஓர் உருண்டை அடியில் துள்ளி, ஒரு காலையில் அதுவும் இல்லாமல் போகும்.

அது போனபிறகு எழுத்துப் பலகையில் பெரிய எழுத்துகளைப் படித்தேன். அடுத்த வரிசையில் திணறினேன். கதவு நிலை இடுப்பு ஒடிந்ததுபோல வளைந்து தெரிந்தது. “இன்னும் முன்னேறும், ஆனா எவ்வளவுன்னு சொல்ல முடியாது” என்றார் மருத்துவர். இதற்குச் செயல்முறை எதுவும் கிடையாது, காத்திருப்பதைத் தவிர.

பத்தாவது படத்துக்கு அருண் வந்தான். வேலூரில் முதல் நாள் காட்சிக்குப் போனோம். கூட்டம், விசில், காகிதத் துண்டுகள். கையைப் பிடித்துப் படியேற்றினான். படம் ஓடியது. திரையில் ஏதோ விழுந்தது, நாயகன் தாங்கினான், இன்னொன்று விழுந்தது. நான் திரும்பும்போதெல்லாம் அருணின் முகம் என் பக்கம் இருந்தது. கண்ணைக் கசக்குகிறேனா, தலையைப் பிடிக்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தான். சோதனை மேஜையில் வைக்கப்பட்ட ஜோடிக்கு எப்படி இருக்கும் என்று அன்று தெரிந்தது. எனக்கும் படத்தில் மனம் நிற்கவில்லை. அவன் பார்க்கிறானே என்று, நன்றாகத் தெரிவதுபோல உட்கார்ந்திருந்தேன்.

“எப்படிப்பா இருந்துச்சு?” என்றான் வெளியே வந்ததும்.

“நல்லா இருந்துச்சு.”

“ஆமா, நல்லா இருந்துச்சு.”

இவ்வளவுதான் பேசினோம். எத்தனையாவது இடம் என்று அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சில நாளில் அவன் திரும்பிப் போனான். வீட்டில் மருந்துப் பெட்டியை ஒழுங்குபடுத்தி, சொட்டு மருந்து நேரத்துக்குப் போனில் மணி வைத்துவிட்டுப் போயிருந்தான்.

அடுத்த வாரம் ஒரு வேலைநாள் மதியம், ஆம்பூரில் அதே படம் ஓடிய தியேட்டருக்குத் தனியாகப் போனேன். உள்ளே பத்துப் பேர்கூட இல்லை. நடு வரிசையில் உட்கார்ந்தேன். விளக்கு அணைந்ததும் இடது உள்ளங்கையால் இடது கண்ணை மூடிக்கொண்டேன்.

முதலில் எல்லாம் நெளிந்தது. கப்பல் நெளிந்தது, நாயகன் நெளிந்தான். கை வலித்தபோது கையை மாற்றினேன், கண்ணை மாற்றவில்லை. இடைவேளையில் முறுக்கு விற்றவர், “கண்ணுல இன்னா சார்?” என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். இரண்டாம் பாதியில் நெளிசல் எனக்குப் பழகிவிட்டது. கடைசிச் சண்டையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

படம் முடிந்து விளக்கு போட்டதும் அங்கேயே உட்கார்ந்தபடி அருணை அழைத்தேன். அவன் ஊரில் அலுவலகம் தொடங்கியிருக்கும்.

“அப்பா? இந்நேரத்துக்கு? கண்ணு...”

“கடைசிச் சண்டையில அவன் கோட்டுல நாலு பொத்தான் இருக்கு. கப்பலைத் தாங்கிட்டுத் திரும்பறான், மூணுதான் இருக்கு. அடுத்த காட்சியில மறுபடி நாலு. அவ்ளோ பெரிய கம்பெனி, ஒருத்தன் பாக்கல.”

“நான் கவனிக்கலையேப்பா.”

“நீ எங்கடா படம் பாத்த?”

பின்னால் யாரோ ஆங்கிலத்தில் பேசுவதும், கதவு சாத்தப்படுவதும் கேட்டது.

“தியேட்டர்லயா இருக்கீங்க? தனியாவா போனீங்க?”

“தனியாத்தான்.”

“பொத்தான் எந்தக் கண்ணுல தெரிஞ்சுது?”

“வலது. இடதை மூடிட்டுத்தான் பாத்தேன்.”

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

“அப்ப எத்தனையாவது இடம்?”

“பத்து.”

“பத்தா? அநியாயம்பா. ஒரு பொத்தானுக்காகவா? அந்தத் துறைமுகம் முழுகற காட்சி ஒண்ணுக்கே...”

ஆரம்பித்துவிட்டான். துடைப்பத்தோடு வந்த அம்மா அடுத்த காட்சிக்குக் கூட்ட வேண்டும், எழுந்திருங்கள் என்றார். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, துறைமுகக் காட்சியில் இருக்கும் குறைகளை ஒவ்வொன்றாக அவனுக்குச் சொல்லத் தொடங்கினேன்.